குளவி டாக்டர்

பூரணி பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறி வருவதைக் கண்டால் தோட்டத்து மேப்பிரிவு லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் "குளவி டாக்டர் வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். அவள் வைத்தியர் அல்ல. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர் இரசாயனம் படிப்பிக்கிறாள்; புரதங்கள் என்ன வடிவத்தில் இருக்கின்றன, அந்த வடிவத்தால் என்ன வேலை செய்கின்றன என்று ஆராய்கிறாள். வட்டவளைக்கு மேலே, தான் பிறந்த தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது முழங்கால் வலியையோ பிள்ளையின் இருமலையோ கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள்.

"நான் அந்த டாக்டர் இல்லங்க."

"சரி, தெரிஞ்சதச் சொல்லுங்க."

தெரிந்ததைச் சொல்வாள். பெரும்பாலும் அது ஹட்டனுக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்பதாகத்தான் இருக்கும்.

கலாநிதிப் பட்டத்தை அவள் ஜப்பானில் வாங்கினாள். அங்கே ஈரலில் உள்ள ஒரு புரதத்தைப் பளிங்காக வளர்த்து, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வோர் அணுவும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். நாடு திரும்பியபோது அவளுக்கு ஓர் அறையும் பழைய குளிர்சாதனப் பெட்டியும் நினைத்தால் சுற்றி நினைத்தால் நிற்கும் ஓர் இயந்திரமும் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து இரசாயனப் பொருள் எடுப்பித்தால், அது வந்து சேர்வதற்குள் அதற்காகக் காத்திருந்த மாணவர் படிப்பை முடித்துப் போய்விடுவார். ஈரல் புரதத்தைத் தொடர்வது நடக்கிற காரியமல்ல என்று முதல் வருஷமே விளங்கிவிட்டது. சும்மா கிடைக்கக்கூடிய புரதம் எது என்று யோசித்தாள். குளவி விஷம் சும்மா கிடைக்கும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் பெரிய இலட்சியம் எதுவும் இருந்ததாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணன் பொன்னையா, தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரத்தில் தொங்கிய ஒரு கூட்டைப் புகை போட்டு இறக்கி, உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தந்தான். அவனுக்குக் கழுத்தில் இரண்டு இடத்தில் வீங்கியிருந்தது.

"இத வச்சு என்ன செய்யப் போற?"

"அறுத்துப் பாக்கப் போறேண்ணே."

"இதுக்குத்தான் ஜப்பானுக்குப் போனியா?" என்றான். கேலியாகத்தான் சொன்னான்.

வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட குளவி. ஒவ்வொன்றின் வாலிலும் தினை அளவு பை இருக்கும். நூற்றுக்கணக்கான பைகளை எடுத்தால் ஒரு சொட்டு விஷம் தேறும். அந்தச் சொட்டில் பல புரதங்கள்; அவற்றுள் ஒன்றைப் பூரணி பிடித்துக்கொண்டாள். நம் உடம்பிலுள்ள உயிரணுக்களின் மென்சுவரைக் கரைப்பது அதன் வேலை. அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கவே மூன்று வருஷம் போயிற்று. பளிங்கு வளர்க்க இன்னும் சில வருஷம். முதல் தடவை பனிக்கட்டியில் வைத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய பளிங்குகள் விமான நிலையத்தில் கிடந்து, பனி உருகிப் பாழாய்ப் போயின. இரண்டாம் தடவை கதிர்படம் தெளிவில்லை. கடைசியில் ஒருநாள் திரையில் அதன் உருவம் முழுதாக எழும்பி வந்தது. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு மேல் பாதி திறந்த மூடிபோல ஒரு வளைவு. அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டை மறந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை வெளியானது. துறைத்தலைவர் கேக் வெட்டினார். பூரணி அதோடு நிற்கவில்லை. அந்தப் புரதத்தின் மேற்பரப்பில் மூன்று இடங்களைத்தான் மனித உடம்பு எதிரி என்று பிடித்துக்கொள்கிறது. அந்த மூன்றையும் மாற்றி அமைத்தால் தடுப்பு மருந்து செய்யலாம் என்று எழுதி, மருந்துக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அனுப்பினாள். மரியாதையான பதில்கள் வந்தன. ஆய்வு மிகச் சிறப்பானது, ஆனால் வாங்கக்கூடிய நோயாளிகள் போதாது என்று எல்லாம் ஒரே குரலில் சொல்லின.

தோட்டத்தில் குளவி கொட்டுவது யாருக்கும் புதினமல்ல. பலருக்கு வீங்கும், காய்ச்சல் வரும், இரண்டு நாளில் சரியாகிவிடும். சிலருடைய உடம்புதான், முன்பு எப்போதோ பட்ட கொட்டை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் புரதத்துக்கு எதிரான பொருளை இரத்தத்தில் சேர்த்து வைத்திருக்கும். அப்படிப்பட்டவரை அடுத்த தடவை ஒரேயொரு குளவி கொட்டினாலும் போதும். தொண்டை அடைக்கும், நாடி விழும். யாருடைய இரத்தத்தில் அந்தப் பொருள் இருக்கிறது என்று, தான் பிரித்தெடுத்த புரதத்தை வைத்தே சோதிக்கலாம் என்று பூரணிக்குத் தோன்றியது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்தது. சோதனை புதியது, எவ்வளவு சரி என்று தெரியாது; ஆகவே தனித்தனி ஆளுக்கு முடிவைச் சொல்லக்கூடாது. அந்தக் குழுவில் தானே இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், பெண்களிடம் இரத்தம் எடுத்தார்கள். கண்டியிலிருந்து ஒரு தாதியைப் பூரணி கூட்டி வந்திருந்தாள். மற்றவர்கள் தயங்கி வாசலிலேயே நிற்க, முதலாவதாகக் கையை நீட்டியவள் மீனம்மா, பொன்னையாவின் மனைவி.

"குளவி கொட்டியிருக்கா?" என்று தாதி கேட்டாள்.

"கொட்டாம இருக்குமா? ரெண்டு தரம். ரெண்டாந் தரம் மயக்கம் போட்டுட்டேன். அன்னைக்கு வெறும் வயித்தோட மலைக்குப் போனேன், அதான்."

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். "இத என்கிட்ட சொல்லவே இல்லியே அண்ணி?"

"வெறும் வயித்தோட போனதயெல்லாம் உனக்குச் சொல்லணுமா?"

அடுத்தவள் ராசம்மா. மீனம்மாவுக்கு லயத்தில் பக்கத்துக் காம்பரா வீடு, மலையில் கொழுந்து பறிப்பதும் பக்கத்து நிரையில். "எனக்குக் கொட்டிக் கொட்டி மரத்துப் போச்சு," என்றாள். "ரெண்டு பனடோல் போட்டா மறுநா பெரட்டுல நிப்பேன். ஏம்மா பூரணி, இதெல்லாம் மருந்து கண்டுபிடிக்கத்தானே?"

"மருந்துக்கு முந்திச் செய்யற வேலைக்கா."

"முந்திச் செய்யறதுக்கே இத்தன வருஷமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள்.

ஆய்வுகூடத்தில் சோதனைத் தட்டின் சிறு குழிகளில் இரத்தத்திலிருந்து பிரித்த நீரை இட்டு, அதற்குமேல் நிறமாறும் திரவத்தை விட்டார்கள். எதிர்ப் பொருள் இருந்தால் மஞ்சளாகும். மாணவி சுலக்ஷனா நேரத்தைக் குறிக்கக்கூட இல்லை, அதற்குள் ஒரு குழி மஞ்சளாகிவிட்டது.

"மெடம், நான் எதையோ கூடப் போட்டுட்டேன் போல."

திரும்பச் செய்தார்கள். அதே குழி, அதே வேகம். இன்னும் பத்துப் பேருடைய குழிகள் மெதுவாக நிறம் மாறின. சில வெளிறிய மஞ்சள், சில நடுத்தரம். மாணவி போன பிறகு பூரணி எண்களைப் பெயர்களோடு ஒப்பிட்டாள். முதல் குழி மீனம்மாவுடையது. அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள், ஆனாலும் எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்தாள். நடுத்தர மஞ்சளில் ராசம்மாவும் இருந்தாள்.

நடுத்தரம் என்றால் என்ன? அதுதான் பூரணிக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த அளவோடு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் மீனம்மாவின் கதை வேறு. அவள் ஏற்கனவே ஒரு தடவை விழுந்திருக்கிறாள்.

நெறிமுறைக் குழுவின் நிபந்தனையை மீறி, அடுத்த சனிக்கிழமையே பூரணி தோட்டத்துக்குப் போனாள். மீனம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பொன்னையா கதவோரம் உட்கார்ந்து காலிலிருந்து கழற்றிய சப்பாத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பூரணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அன்னைக்கு விழுந்தது வெறும் வயித்தால இல்ல," என்றாள் மீனம்மா.

"இல்ல அண்ணி."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"மலைக்குப் போகக்கூடாது."

மீனம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "மலைக்குப் போகாம வேற எங்க போறது?"

பூரணி கொழும்புக்குப் போய் ஒவ்வாமை நோய் நிபுணர் ஒருவரைச் சந்தித்தாள். நல்ல மனுஷி, பூரணியின் கட்டுரையை வாசித்திருந்தார். ஐரோப்பியக் குளவிக்கு மருந்து உண்டு, இந்தக் குளவிக்கு இல்லை என்றார். அதை எடுப்பித்தாலும் வருஷக்கணக்கில் மாதந்தோறும் ஆஸ்பத்திரியில் வைத்துப் போட வேண்டும், பலிக்குமா என்பதும் நிச்சயமில்லை. "அட்ரினலின் ஊசி கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், குளவி இருக்கும் இடத்துக்கு அவரைப் போகவிடாதீர்கள்," என்றார். அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. பூரணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றாள்.

வைத்தியரான ஒரு சிநேகிதி சில அட்ரினலின் குப்பிகளும் ஊசிகளும் தந்தாள். பூரணி தோடம்பழத்தை வைத்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் பழக்கினாள். குப்பியின் கழுத்தை உடைக்க வேண்டும், பாதி உறிஞ்ச வேண்டும், தொடையின் வெளிப்பக்கத்தில் உடுப்புக்கு மேலாகவே குத்தலாம். பொன்னையாவின் விரல்கள் தடிப்பு. முதல் குப்பி நசுங்கிப்போயிற்று. பிறகு பழகிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அவள் தொரையைப் பார்க்கப் போனாள்.

தோட்டத்து மனேஜர் இளவயதுச் சிங்களவர், அவளுக்கு எழுந்து நின்று கதிரை காட்டினார். சிங்களத்தில்தான் பேசினார்கள். மீனம்மாவைத் தொழிற்சாலைக்கோ பிள்ளைக் காம்பராவுக்கோ மாற்ற முடியுமா என்று பூரணி கேட்டாள். அவர் விபரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், மெடம். பிள்ளைக் காம்பராவில் இருக்கிறவரை நான் எப்படி எடுப்பது?"

"அப்படியென்றால் குளவி இல்லாத மலைக்கு?"

"அப்படி ஒரு மலை இருந்தால் எனக்கும் காட்டுங்கள்." கேலியாகச் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "இவர் ஒருவர்தானா? வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா?"

பூரணிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதருக்கு இப்போது விஷயம் தெரியும். தெரிந்த பிறகு மீனம்மாவை மலைக்கு அனுப்பி, அவளுக்கு ஏதாவது நடந்தால், பொறுப்பு இவர் தலையில் வரும்.

"அது ஆராய்ச்சி. ஆள்வாரியாகச் சொல்ல முடியாது," என்றாள்.

"ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களே," என்றார்.

அடுத்த வாரம், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் மீனம்மாவின் பேரைக் கூப்பிடவில்லை. மலையில் வேலை செய்ய உடல் தகுதி உண்டென்று வைத்தியர் கடிதம் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார். விஷயத்தை மறைக்காமல் சொன்னால் எந்த வைத்தியரும் அப்படி எழுத மாட்டார். மறைத்து ஒன்று வாங்குவோமென்று பொன்னையா சொன்னான். "தெரிஞ்சுகிட்டே பொய்க் கடுதாசியா? அது வேணாம்," என்று மீனம்மா மறுத்துவிட்டாள்.

செய்தி கேட்டுப் பூரணி ஓடி வந்தபோது மீனம்மா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவளை லயத்தில் பார்ப்பதே புதிதாக இருந்தது.

"அண்ணி, நான் நல்லதுக்குத்தான் போய்ப் பேசினேன்."

"தெரியும்."

"வேற ஏதாவது வழி பாக்கலாம். நான் இருக்கேன்ல, வீட்டுச் செலவ நான்..."

"உன் காசுல நான் குந்தித் திங்கவா?" மீனம்மா ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நான் மலைக்குப் போயிருப்பேன்."

"போயி செத்திருந்தா?"

"செத்திருப்பேன், இல்ல சாகாமயும் இருந்திருப்பேன். இத்தன வருஷம் போயிட்டுத்தானே வந்தேன். இப்ப எனக்குப் போற வேலையும் இல்ல, பயமும் போகல. ராத்திரி ஈ பறந்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பூரணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சில நாளில் மீனம்மா வேலை தேடிக்கொண்டாள். கினிகத்தேனைப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொழுந்து பறிக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே பேர்ப் பதிவு இல்லை, டிஸ்பென்சரி இல்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கேயும் நிழல் மரங்கள் இருந்தன, மரங்களில் குளவி இருந்தது. மீனம்மா குப்பியையும் ஊசியையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மடியில் செருகிக்கொண்டு போனாள். கூட வரும் ஒருத்திக்குக் குத்தக் காட்டிக்கொடுத்திருந்தாள்.

லயத்தில் பேச்சு வேறுவிதமாகப் பரவியது. இரத்தம் எடுத்ததால்தான் மீனம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள் சிலர். ரோட்டில் பூரணியைக் கண்டு முன்போல் சிரிக்காமல் போனார்கள் சிலர். ராசம்மா மட்டும் ஒருநாள் நேராகவே வந்து கேட்டாள்.

"ஏம்மா, என்னோட ரத்தத்துல என்ன இருந்துச்சு?"

பூரணி அவள் முகத்தைப் பார்த்தாள். ராசம்மாவின் புருஷன் சோலைமலைக்கு நெஞ்சுவலி வந்து வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தான். கடைசி மகள் படித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் ராசம்மா மனதுக்குள் வைத்திருப்பாளா? பக்கத்து நிரையில் ஒரு வார்த்தை, கங்காணி காதில் ஒரு வார்த்தை, பிறகு பெரட்டில் பேர் இருக்காது. அதோடு நடுத்தர மஞ்சள். இத்தனை தடவை கொட்டியும் பனடோலோடு போன உடம்பு.

"அது மொத்தமா ஆராய்ச்சிக்கு எடுத்ததுக்கா. ஆளுக்கு ஆள் சொல்ற மாதிரி இல்ல," என்றாள்.

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல?"

"கவனமா இருங்க. கூட்டக் கண்டா கிட்டப் போகாதீங்க."

"அது எங்களுக்குத் தெரியாததா," என்று ராசம்மா சிரித்துக்கொண்டே போனாள்.

அது நடந்தது ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த நாளில். பூரணி ஆய்வுகூடத்தில் இருந்தாள். புரதத்தின் அந்த மூன்று இடங்களில் ஒன்றை மாற்றியமைத்து, அது குலையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. அண்ணன். இந்த நேரத்துக்கு அவன் கூப்பிடுவதில்லை. அண்ணிக்குத்தான் என்று நினைத்தாள்.

"தங்கச்சி, ராசம்மாவக் குளவி கொட்டிருச்சு."

"ராசம்மாக்காவையா?"

"எட்டாம் நம்பர் மலையில. மரத்துக் கூடு கலஞ்சு எல்லாரையும் கொட்டுனிச்சு. மத்தவங்க ஓடிட்டாங்க, இது நாலு எட்டு வச்சு விழுந்திருச்சு. மூச்சு இழுத்து இழுத்து விடுது. மூஞ்சி அடையாளமே தெரியல. என்ன செய்யட்டும்?"

"டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்க. அங்க ஊசி இருக்கும்."

"அங்கதான் நிக்கிறோம். பூட்டியிருக்கு. டிஸ்பென்சர் ஐயா ஹட்டனுக்குப் போயிட்டாராம்."

"நம்ம வீட்டு ஊசி, அண்ணே? நான் தந்தது."

"அது மீனாகிட்டல்ல இருக்கு. கினிகத்தேனைக்குக் கொண்டு போயிருச்சு."

மற்றக் குப்பிகளையும் பூரணி அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வெளியில் கிடந்தால் கெட்டுவிடும் என்று தன் ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்.

"படுக்க வைங்க. தூக்கி உக்கார வைக்காதீங்க. கால மட்டும் ஒசத்திப் பிடிங்க. கொழுந்து லொறி இருக்கா? அதுல ஏத்துங்க."

"ஏத்திட்டோம். போகுது."

போனை அவன் வைக்கவில்லை. லொறியின் இரைச்சலும், யாரோ ஒரு பெண் ராசம்மா, ராசம்மா என்று கூப்பிடுவதும் கேட்டன. அந்த ரோட்டைப் பூரணிக்கு ஒவ்வொரு வளைவாகத் தெரியும். ராசம்மாவின் உடம்புக்குள் நடப்பதும் அப்படியே தெரியும். எந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது, பிடித்ததும் எந்த உயிரணு எதைக் கொட்டுகிறது, அதனால் குழாய்கள் எப்படித் தளர்கின்றன, தொண்டை எப்படி வீங்குகிறது. வருஷா வருஷம் அதைப் படம் கீறிப் படிப்பிக்கிறாள். அதில் ஒன்றைக்கூட இங்கேயிருந்து நிறுத்த அவளால் முடியாது.

"காலப் பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"மூச்சு?"

லொறி எங்கோ நின்று ஹோர்ன் அடித்தது, யாருக்கோ வழிவிடுகிறார்கள். மறுபடி ஓடியது.

"தங்கச்சி, கை விட்டுருச்சு," என்றான் பொன்னையா.

"என்ன கை?"

"என் கையப் பிடிச்சுகிட்டு இருந்துச்சு. விட்டுருச்சு."

சுலக்ஷனா பக்கத்தில் வந்து நின்றதைப் பூரணி கவனிக்கவில்லை. மாணவி கேட்டாள், "மெடம், இந்தத் தட்ட எடுக்கவா, இன்னும் கொஞ்ச நேரம் வைக்கவா?" பூரணிக்கு அந்தக் கேள்வி விளங்கவேயில்லை.

ராசம்மாவை மறுநாள் பின்னேரம் புதைத்தார்கள். தோட்ட நிர்வாகம் பெட்டி கொடுத்தது, வெள்ளைக் கொடி கட்ட ஆள் கொடுத்தது, எட்டாம் நம்பர் மரத்துக் கூட்டை எரித்தது. தொரை வந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். சோலைமலை கதிரையில் உட்கார்ந்திருந்தான். பூரணி கிட்டப் போனதும், "நீங்க படிச்சவங்க, சொல்லுங்கம்மா. இத்தன தரம் கொட்டி ஒண்ணும் ஆகாத ஆளு, இந்தத் தரம் எப்படி?" என்று கேட்டான்.

"சில நேரம் அப்படி ஆகும்ங்க," என்றாள். அதுவும் பொய்யல்ல.

எல்லோரும் கலைந்த பிறகு மீனம்மா அவளைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குக் கூட்டிப் போனாள். கால் கழுவிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"ராசம்மாவுக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி."

மீனம்மா தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். ஏசப்போகிறாள் என்று பூரணி காத்திருந்தாள்.

"என்கிட்ட சொன்ன, எனக்கு வேல போச்சு. அதுகிட்ட சொல்லல, அது உசிரு போச்சு." மீனம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உன்ன என்னன்னு சொல்றது? என்ன செஞ்சிருக்கணும்னு எனக்கும்தான் தெரியல."

"இன்னும் ஒம்பது பேர் இருக்காங்க."

"எனக்குப் பேர் சொல்லாத."

"சொல்லட்டுமா அவங்ககிட்ட?"

"அவங்க ரத்தம். அவங்ககிட்ட சொல்லு. தொரைகிட்ட சொல்லாத." சற்று நடந்துவிட்டுத் திரும்பி, "நானும் கூட வாறேன். தனியாப் போனா கதவடைப்பாங்க," என்றாள்.

முடிவை அவரவருக்குச் சொல்ல அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பூரணி விண்ணப்பித்தாள். குழு அடுத்த மாதம் கூடும் என்று பதில் வந்தது. அவள் காத்திருக்கவில்லை. சிநேகிதியிடம் கெஞ்சி இன்னும் குப்பிகள் வாங்கிக்கொண்டு, அந்த வார இறுதியில் மீனம்மாவோடு ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கினாள்.

ஒருத்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "இத எம் புருஷன்கிட்ட சொல்லிராதீங்க, வேலைக்கு விடமாட்டாரு," என்றாள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, கந்தப்பளையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், பூரணி வாயைத் திறக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்ங்க. தெரியாம இருந்துட்டுப் போறேன்." மீனம்மா ஏதோ சொல்லப் போனாள். பூரணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். குப்பியும் ஊசியும் வைத்த டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் உதவும் என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசி வீட்டுப் பெண் குத்தப் பழகிக்கொண்டு, ஊசியைத் துணியில் சுற்றியபடி கேட்டாள்.

"அப்ப நான் மலைக்குப் போகலாமா, போகக்கூடாதா?"

"போகக்கூடாது," என்றாள் பூரணி.

"போகலன்னா?"

பூரணி மீனம்மாவைப் பார்த்தாள். மீனம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள் பூரணி.

அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் பார்வையில் குறை சொல்வதாக எதுவும் இல்லை. வந்தவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

திங்கள் காலையில் பூரணி அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். மீனம்மாவின் வேன் போய்விட்டிருந்தது. கீழே பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள். ஒன்பது பேரும் நின்றார்கள். கங்காணி கை காட்டிய பக்கம், எட்டாம் நம்பருக்கு அடுத்த மலைக்கு, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். பனி விலகாததால் கொஞ்ச தூரத்தில் யார் யாரென்று தெரியாமல் போயிற்று.

அவள் மத்தியானம் வரை அங்கேயே இருந்தாள். கொழுந்து நிறுக்க அவர்கள் இறங்கி வந்தபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் வந்திருந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அவளுக்கு விரிவுரை இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கண்டி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.